கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு மரநிழல்

அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 நாள் இருந்தார். அந்த 11 நாளும் நான் அதன் வாசலில் இருந்தேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். அங்கிருந்த மருத்துவர்களும் செவிலியர்களும் அப்பாவை மீட்டுக் கொடுத்தார்கள். அந்த நன்றி எனக்கு ஆயுளுக்கும் உண்டு. நான் எழுத வந்தது அந்த வாசலைப் பற்றி.

மூன்றாவது மாடியில் ஜன்னலே இல்லாத நீண்ட தாழ்வாரம். சுவரோரம் நான்கு நான்காகப் பிணைத்த எஃகு நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு கைப்பிடி இருப்பதால் உட்காரலாம், படுக்க முடியாது. எல்லாமே எதிர்ச்சுவரைப் பார்த்துப் போட்டவை. அந்தச் சுவரில் இரவு பத்து மணி வரை தொலைக்காட்சி அலறும். குளிர்சாதனக் காற்று நேராகப் பிடரியில் இறங்கும். பெண்கள் முந்தானையால் தலையை மூடிக் குறுகிக்கொள்வார்கள். ஆனாலும் யாரும் நகரமாட்டார்கள். எந்த நேரமும் கதவு திறந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்: மருந்து வாங்க, ரத்தத்துக்கு ஆள் கொண்டுவர, கையெழுத்துப் போட. அந்தக் குரலைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் கழிப்பறைக்குப் போகக்கூட மனம் வராது.

கீழே சைக்கிள் நிறுத்தத்தை ஒட்டி ஒரு புங்க மரம். அதைச் சுற்றி முழங்கால் உயரத்தில், ஆள் படுக்கும் அகலத்தில் ஒரு சிமெண்ட் மேடை. கணவரைச் சேர்த்திருந்த ஒரு வயதான அம்மாள்தான் மூன்றாம் நாள் அந்த ஏற்பாட்டைச் செய்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து மேலே இருக்க வேண்டும், மற்றவர்கள் மரத்தடிக்குப் போகலாம். கூப்பிட்டால், மேலே இருப்பவர் மாடிப்படித் திருப்பத்தில் உள்ள கம்பி ஜன்னலுக்கு வந்து “ஏழாம் படுக்கை!” என்று குரல் கொடுப்பார். அன்றைக்குத்தான் நான் கால் நீட்டித் தூங்கினேன். அதே மேடையில்தான் முன்பின் தெரியாதவர்களோடு புளிசாதம் பகிர்ந்து சாப்பிட்டேன். மேடை வட்டமாக இருந்ததால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திரும்பிப் பார்த்துப் பேச முடிந்தது. அழவேண்டும் என்றால் அடிமரத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்காரவும் முடிந்தது. அங்கேயும் குரல் கேட்கும்.

ஓய்விடம் என்றதும் நம் கட்டடக்காரர்கள் சோபாவும் செயற்கை நீரூற்றும் வைக்கிறார்கள். அந்தக் குரல் வந்து சேரும் என்ற உறுதி இல்லாத இடத்தில் எந்த மெத்தையிலும் உடம்பு சாயாது. என் 11 நாள் பாடம் இதுதான்.

மேகி கெஸ்விக் ஜெங்க்ஸ் என்ற பெண்மணிக்கு 1993-இல் மார்பகப் புற்றுநோய் திரும்பிவிட்டது, இன்னும் சில மாதங்களே என்று சொன்னார்கள். சொல்லிவிட்டு உட்காரவைத்தது ஜன்னல் இல்லாத ஒரு தாழ்வாரத்தில். அவர் தோட்டக்கலை அறிந்தவர். மிச்சமிருந்த காலத்தில் நோயாளிகளும் குடும்பத்தாரும் உட்கார்ந்து மூச்சு விட ஓர் இடம் வேண்டும் என்று திட்டம் தீட்டினார். 1995-இல் அவர் மறைந்தார். 1996-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மருத்துவமனை வளாகத்திலேயே இருந்த பழைய குதிரைலாயத்தைத் திருத்தி முதல் ‘மேகி மையம்’ திறந்தார்கள். அதில் வரவேற்பு மேசை இல்லை. நடுநாயகமாக இருப்பது சமையலறை மேசை. வருகிறவர் தானே தேநீர் போட்டுக்கொண்டு அமரலாம்.

மரம் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரை எடுத்துக்கொண்டார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். செங்கல் சுவர் தெரிந்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. மரம் பார்த்தவர்களுக்கு வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

நமக்கு இது புதிதும் இல்லை. பழைய பெருவழிகளில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் குறுக்கே. தலைச்சுமைக்காரர் யார் உதவியும் கேட்காமல் இறக்கவும், மறுபடி ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் இருக்கும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நடுவது அன்றைய வழக்கம். வழியில் போகிறவனின் கழுத்துவலியை அளந்து கல் நட்டவர்கள் நம் முன்னோர்.

சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு அப்பாவை அழைத்துப் போனேன். மரத்தடி மேடையை இடித்துவிட்டுக் கார் நிறுத்தக் கோடு போட்டிருக்கிறார்கள். வாய்விட்டு அழாத குறை. அன்றே நிர்வாகத்திடம் கடிதம் கொடுத்துவிட்டு வந்தேன். கேட்டது அதிகமில்லை: மேடையைத் திரும்பக் கட்டுங்கள், மேலே கூப்பிடும் குரல் கீழேயும் கேட்க ஓர் ஒலிபெருக்கி வையுங்கள், குடிநீர்க் குழாய் ஒன்று போடுங்கள், தாழ்வாரத்து நாற்காலிகளின் நடுக் கைப்பிடிகளைக் கழற்றுங்கள். இதைப் படிப்பவர்களில் மருத்துவமனை கட்டுகிறவர்களும் சிலர் இருப்பீர்கள். வரைபடம் போடும் முன் ஓர் இரவு அப்படி ஒரு வாசலில் உட்கார்ந்து பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கடிதம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பார்த்தேன். புங்க மரத்தடியில், இரண்டு கார்களுக்கு நடுவே கிடைத்த முழ இடத்தில், ஒரு பெண் பாய் விரித்து உட்கார்ந்து மாடிப்படி ஜன்னலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.