பதினேழு ஆண்டுகள் காத்திருந்த படம்

பிரேசில் இயக்குநர் எடுவார்டோ கோட்டின்யோ பற்றிய கட்டுரைக்கு நன்றி. ஆனால் 'சாவதற்குக் குறிக்கப்பட்டவன்' படத்தை இரண்டே வரியில் கடந்திருக்க வேண்டாம். அவருடைய வாழ்க்கையே அதில்தான் இருக்கிறது.

1962இல் கொல்லப்பட்ட விவசாயிகள் தலைவர் ஜோவாவ் பெட்ரோ தெய்ஷேராவின் கதை அது. அவர் மனைவி எலிசபெத்தே தம் வேடத்தில் நடித்தார். பிரேசிலின் பெர்னாம்புகோ மாநிலத்தில், கலிலேயா என்ற கரும்புத் தோட்டத்தில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது, 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. படக்குழு சிதறியது. ரியோ ஆய்வகத்துக்கு முன்பே அனுப்பிய சுருள்கள் மட்டும் தப்பின.

1981இல் கோட்டின்யோ திரும்பிப் போனார். நடித்த விவசாயிகளைக் கூட்டி, பழைய காட்சிகளைத் திரையிட்டார். வயதேறிய முகங்கள் திரையில் தங்கள் இளமையையே தேடுகின்றன. ஒருவரை ஒருவர் அடையாளம் காட்டிச் சிரிக்கின்றனர். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

எலிசபெத்தோ வேறு பெயரில், வேறு மாநிலத்துச் சிற்றூரில் மறைந்து வாழ்ந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் திசைக்கொருவராகப் பிரிந்திருந்தனர். அவர்களையும் தேடிப் போய்ச் சந்தித்த பிறகே, 1984இல் படம் முடிந்தது. பிற்காலத்தில் ரியோவின் கோபகபானா பகுதியில், 276 வீடுகள் கொண்ட ஒரே கட்டடத்துக்குள் கோட்டின்யோ எடுத்த 'எடிஃபிசியோ மாஸ்டர்' படத்தையும் அவசியம் பாருங்கள். எதிரே அமர்ந்து பேசுகிறவரை அவசரப்படுத்தாமல் கேட்கும் அந்தப் பொறுமை, கலிலேயாவில் கற்றது என்றே நான் நம்புகிறேன்.