இறந்துபோனவர் நம்பருக்குப் போகிற ஓ.டி.பி.

இன்றைக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை. எழுதிக் கொட்டினால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் தை மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டார். பெயின்டர், 43 வயது. பெரியவள் ஒன்பதாவது, சின்னவன் நாலாவது. சொந்தமாக ஒரு சென்ட் இடம் கிடையாது, ஓட்டு வீடு, அதுவும் வாடகை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் பஸ் ஏறின மறுநாள் காலையில் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்று கேட்டது ஒரே கேள்வி. "கவர்மென்ட்ல எங்களுக்கு ஏதாச்சும் உதவி கிடைக்குமா தம்பி, யாரைப் போய்ப் பார்க்கணும்?"

அந்தக் கேள்விக்கு முழுப் பதில் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. உதவி வாங்குவதற்கு இல்லை, என்ன உதவி இருக்கிறது, எந்த ஆபீசில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு மட்டும் ஏழு மாதம். நான் டிகிரி படித்தவன், நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கணக்கு எழுதிப் பிழைப்பவன். எனக்கே ஏழு மாதம் என்றால், ஆறாவதோடு படிப்பை நிறுத்தின, புருஷன் செத்த துக்கத்தில் சோறு இறங்காமல் கிடக்கிற ஒரு பொம்பளை தனியாக என்ன செய்வார்?

தமிழ்நாட்டில் திட்டத்துக்குப் பஞ்சம் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதியோர் உதவித்தொகை 1962-லேயே வந்த மாநிலம் இது. ஆதரவற்ற விதவைகளுக்கான உதவித்தொகை 1975-லிருந்து இருக்கிறது. மாதம் 1000 ரூபாயாக இருந்ததை 2023-ல் 1200 ஆக்கினார்கள். மத்திய அரசின் குடும்ப உதவித் திட்டத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள வீட்டில் சம்பாதிக்கிற ஆள் 18 முதல் 59 வயதுக்குள் இறந்தால் ஒரே தடவையாக 20,000 ரூபாய் உண்டு. பெயின்டர், கொத்தனார், சித்தாள் எல்லாருக்கும் நல வாரியம் உண்டு. கைம்பெண்களுக்கென்றே தனியாக ஒரு நல வாரியம்கூட இருக்கிறது. ஆனால் இது ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆபீசில் இருக்கிறது, ஒரு ஆபீசுக்கு அடுத்த ஆபீசில் என்ன இருக்கிறது என்று தெரியாது, தெரிந்தாலும் சொல்வதில்லை.

அக்காவின் வீட்டில் சாவு நடந்ததை இந்த அரசாங்கம் எவ்வளவு சீக்கிரம் தெரிந்துகொண்டது தெரியுமா? இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பதிந்தோம். அந்த மாதமே ரேஷன் கடையில், "பெயரை நீக்கிடுங்கம்மா, இல்லைன்னா பின்னாடி பிரச்சினை ஆகும்" என்றார்கள். நீக்கினோம். தலைக்கு அரை கிலோ கணக்கில் 2 கிலோ வாங்கிக்கொண்டிருந்த சர்க்கரை அடுத்த மாதம் ஒன்றரைக் கிலோ ஆகிவிட்டது. செத்தவர் பங்கு அரைக் கிலோ சர்க்கரையை நிறுத்த எந்த வி.ஏ.ஓ.வும் விசாரணைக்கு வர வேண்டியிருக்கவில்லை, எந்த வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) கையெழுத்தும் தேவைப்படவில்லை. அதே இறப்புச் சான்றிதழ், அதே ரேஷன் கார்டு, அதே ஆதார் எல்லாம் கையில் இருந்தும், "உங்களுக்கு மாதம் 1200 ரூபாய் வரும், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்ல மட்டும் ஒருத்தர் கிடையாது. எடுப்பதற்குத் தெரிகிற தகவல் கொடுப்பதற்கு ஏன் தெரியாமல் போகிறது? எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான்.

சரி, விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று இ-சேவை மையம் போனோம். ஆதார் நம்பரைப் போட்டார் அங்கே இருந்த பையன். "ஓ.டி.பி. வந்திருக்கும் பாருங்க அக்கா." அக்கா தன் போனைப் பார்க்கிறார், ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் புரிந்தது, வீட்டில் எல்லாருடைய ஆதாருக்கும் கொடுத்திருந்தது வீட்டுக்காரர் நம்பர். அந்த போன் பீரோவில், அவர் சட்டைக்குள் சுற்றி வைத்திருக்கிறது, சார்ஜ் இல்லை, ரீசார்ஜும் முடிந்துவிட்டது. நான் கடையில் நின்று இறந்துபோன மனுஷனின் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டேன். அக்கா வீட்டுக்குப் போய் போனை எடுத்துவந்து அங்கேயே சார்ஜில் போட்டார். ஆன் ஆனதும் முகப்பில் பிள்ளைகள் இரண்டும் தோளில் தொங்க அவர் சிரிக்கிற படம். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுகிறார்கள். அக்கா அந்தப் படத்தின் மேல் வந்து விழுந்த ஆறு எண்ணை ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னார். குரல் உடையாமல் சொன்னார். என்னால்தான் தாங்க முடியவில்லை.

அதுவும் வீணாகப் போனது. இரண்டு மாதம் கழித்து நிராகரிப்பு. ஏன் என்று கேட்டால் வயது பொருந்தவில்லையாம். அலைந்து விசாரித்த பிறகு தெரிந்த விஷயம், விதவை உதவித்தொகை என்று பட்டியலில் இரண்டு இருக்கிறது. இந்திரா காந்தி பெயரில் இருப்பது மத்திய அரசு பங்கு போடுகிற திட்டம், அது 40 வயதுக்கு மேல்தான். மாநில அரசின் ஆதரவற்ற விதவைத் திட்டத்துக்கு 18 வயது ஆனாலே போதும். அக்காவுக்கு 37. அந்தப் பையன் முதலில் கண்ணில் பட்டதைத் தட்டிவிட்டான். அவன் மேலும் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஆனால் அந்த விண்ணப்பத்தை இரண்டு மாதம் கையில் வைத்திருந்த ஆபீசில் ஒருவர், ஒரே ஒருவர், "அம்மா இது உங்களுக்கு வராது, அதோ அந்த இன்னொன்றில் போடுங்கள்" என்று நிராகரிப்பில் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? அந்த ஒரு வரிக்கு என்ன செலவு?

ஆபீஸ் பெயர்களைப் பாருங்கள். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று ஒருவர். மாவட்ட சமூக நல அலுவலர் என்று இன்னொருவர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் என்று வேறொருவர். மூன்றும் மூன்று இடம், இரண்டு வெவ்வேறு ஊர்ப் பக்கம். ஷேர் ஆட்டோவில் அக்காவோடு போய் இறங்கினால், "சமூகப் பாதுகாப்பா, சமூக நலமா, எதும்மா?" என்று வாசலில் ஒருவர் கேட்கிறார். கஷ்டத்தில் இருக்கிறோம், அதுதான் எங்களுக்குத் தெரியும், அந்தக் கஷ்டத்துக்கு நீங்கள் வைத்திருக்கிற பெயர் எங்களுக்கு எப்படித் தெரியும்? போன் நம்பர் இருக்கிறதே என்பீர்கள். அடித்துப் பார்த்தேன். ஒரு நம்பர் உபயோகத்தில் இல்லை. ஒன்று மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றில் எடுத்தவர் "நேர்ல வாங்க" என்று வைத்துவிட்டார். நேரில் போவது என்றால் அக்காவுக்கு ஒரு நாள் கூலி போச்சு. இப்போது ஒரு தையல் யூனிட்டில் நூல் வெட்டப் போகிறார், போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளுக்கும் போனோம். வாசலிலேயே போலீஸ் பையைத் திறந்து பார்க்கிறார்கள், தண்ணீர் பாட்டிலை மோந்து பார்க்கிறார்கள், மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. காரணம் தெரியும். 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையில் ஒரு குடும்பமே, இரண்டு சின்னக் குழந்தைகளோடு, தீக்குளித்துச் செத்தார்கள். அவர்களும் மனு மேல் மனு கொடுத்தவர்கள்தான். அதைப் பார்த்த பிறகும் நாம் பையைச் சோதிக்கத்தான் ஆள் போட்டிருக்கிறோம். "உங்களுக்கு என்ன பிரச்சினை, எந்த மேஜைக்குப் போகணும்" என்று கேட்டு அழைத்துப் போக அந்த வாசலில் ஒரு ஆள் போடலாம் இல்லையா? மரத்தடியில் காசு வாங்கிக்கொண்டு மனு எழுதித் தருகிறவருக்குத்தான் எந்த மேஜை என்று தெரிகிறது. அவரும், "ஒரு மூவாயிரம் ஆகும், நான் முடிச்சுத் தர்றேன்" என்கிற புரோக்கரும் இல்லையென்றால் பாதி ஜனம் வாசலோடு திரும்பிவிடும்.

பீரோவில் துணிக்கு அடியில் அவருடைய நல வாரிய அட்டை கிடைத்தபோது அக்கா முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பல வருஷத்துக்கு முன்னால் சங்கத்துக்காரர் யாரோ பதிந்து கொடுத்தது. தொழிலாளர் துறை ஆபீசில் காட்டினால், "புதுப்பிக்காம விட்டுட்டாரேம்மா" என்றார்கள். அவ்வளவுதான், இறப்பு உதவியும் இல்லை, பிள்ளைகளுக்கான படிப்பு உதவியும் இல்லை. சாரத்தில் தொங்கிக்கொண்டு அடுத்தவன் வீட்டுக்கு வர்ணம் அடித்தவருக்கு, உன் பதிவு காலாவதி ஆகப்போகிறது என்று ஒரு எஸ்.எம்.எஸ். போயிருந்தால் அந்த மனுஷன் புதுப்பித்திருப்பார். கரன்ட் பில் கட்டச் சொல்லி மறக்காமல் வருகிறது எஸ்.எம்.எஸ்.

இவ்வளவுக்கும் மேலே, பெரிய விஷயம் தற்செயலாகத்தான் தெரிந்தது. அந்தத் திங்கட்கிழமை வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, பேரனை மடியில் வைத்துக்கொண்டு, அக்காவிடம் கேட்டார்: "பிள்ளைங்களுக்கு நாலாயிரம் போட்டியா?" எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மிஷன் வாத்சல்யா என்று ஒரு திட்டம். அப்பா இல்லாத, அம்மா ஒற்றை ஆளாக வளர்க்கிற பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்குக் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும், கமிட்டி பார்த்து முடிவு செய்யும், நிதி இருப்பதைப் பொறுத்துத்தான் கிடைக்கும், எல்லாருக்கும் உறுதி கிடையாது. இருக்கட்டும். அப்படி ஒன்று இருக்கிறது என்று அஞ்சு மாதமாக நாங்கள் ஏறி இறங்கின ஒரு ஆபீசிலாவது சொன்னார்களா? பெரியவளின் பள்ளிக்கூடத்தில் கேட்டேன், அங்கேயும் தெரியவில்லை. பேரனை வைத்திருந்த அந்த அம்மாவுக்கும் இன்னொரு வரிசையில் இன்னொருவர் சொன்னதுதானாம். அரசாங்கம் பணம் ஒதுக்கி, அரசாணை போட்டு நடத்துகிற திட்டம் வாய்வழிச் செய்தியாக ஒரு ஏழையிடமிருந்து இன்னொரு ஏழைக்குப் போய்ச் சேருகிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2005-ல். ஒவ்வொரு அலுவலகமும் தன்னிடம் என்ன மானியம், என்ன உதவி, எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று அதன் 4-வது பிரிவே சொல்கிறது. கேட்டால் இணையதளத்தில் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, நான் பார்த்தேன். சாய்வாக ஸ்கேன் செய்து போட்ட அரசாணை, போனில் திறந்தால் எழுத்தே தெரியாது, அதில் பாதி ஆங்கிலம். அது அக்காவுக்கா எழுதினது?

நான் கேட்பது பெரிய காசு பிடிக்கிற காரியம் இல்லை. இறப்புச் சான்றிதழ் கொடுக்கிற அதே ஜன்னலில், அதே நாளில், ஒரே ஒரு தாள் கொடுங்கள், தமிழில், பெரிய எழுத்தில். உங்கள் வீட்டில் இறந்தவருக்கு இந்த வயது என்றால் இது, பிள்ளைகள் இருந்தால் இது, வாரியத்தில் பதிந்திருந்தால் இது, ஆபீஸ் இங்கே, கொண்டுபோக வேண்டியது இவை. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், எங்கள் தெருவுக்கும் வருகிறார்கள், மாத்திரை கொண்டுவருகிற அம்மாவுக்கு எந்த வீட்டில் சாவு விழுந்தது, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அத்தனையும் தெரியும். மாத்திரை வருகிற வழியில் அந்தத் தாளும் வராதா? அங்கன்வாடி டீச்சர் கையில் கொடுங்கள், ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள், பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டருக்கு அனுப்புங்கள். அப்பா பெயருக்கு முன்னால் "லேட்" என்று எழுதுகிற பிள்ளையை அவர் தினமும் பார்க்கிறார்.

உங்கள் தெருவில் அப்படிப் பிள்ளைகளோடு தனியாக நிற்கிற பெண் யாராவது இருந்தால் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். 40 வயது ஆகவில்லை என்றால் மாநில அரசின் ஆதரவற்ற விதவைத் திட்டத்தில் போடச் சொல்லுங்கள், ரசீதைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 18 வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று குழந்தைகள் உதவி எண் 1098-ல் கேளுங்கள். ஆதாரில் அவருடைய சொந்த நம்பரை முதல் வேலையாக மாற்றச் சொல்லுங்கள். வீட்டில் பெயின்டரோ கொத்தனாரோ இருந்தால் வாரிய அட்டையை எடுத்து எந்த வருஷம் வரைக்கும் என்று பாருங்கள்.

அக்காவின் இரண்டாவது விண்ணப்பம் இப்போது ஆர்.ஐ. மேஜையில் இருக்கிறது. பிள்ளைகளுக்கான மனு கமிட்டிக்குப் போயிருக்கிறதாம். இன்று சாயங்காலம் போய்க் கேட்டதற்கு, "அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். திரும்பி வரும்போது அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார், "அவர் நம்பருக்கு இன்னொரு தடவை ரீசார்ஜ் போடணுமா தம்பி, இன்னும் ஓ.டி.பி. வருமா?"