நகைச்சுவையிலேயே சுவை இருக்கிறதே!

‘அன்பாகப் பார்த்தாள்’ என்பதைவிட ‘இனிமையாகப் பார்த்தாள்’ என்று சுவைச் சொல்லோடு படிக்கும்போது மூளையில் உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலா கூடுதலாகத் தூண்டப்படுகிறது என்ற 2014ஆம் ஆண்டு ஆய்வைப் பற்றி ஒரு கட்டுரையில் படித்தேன். அது ஜெர்மன் மொழி பேசுபவர்களிடம் செய்த ஆய்வு. தமிழில் செய்தால் என்ன ஆகும் என்றுதான் உடனே தோன்றியது. ஏனென்றால் நமக்கு உணர்ச்சிக்குப் பெயரே சுவைதான். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, எண்சுவை என்றும் சொல்கிறோம். ‘நகைச்சுவை’ என்று தினமும் சொல்கிறோமே, அதில் நாக்கு ஒளிந்திருப்பதை யார் கவனிக்கிறார்கள்?

எனக்கு ரொம்பப் பிடித்தது உப்பு. ஊடல் உணவில் உப்பு மாதிரி அளவாக இருக்க வேண்டும், கொஞ்சம் நீண்டாலும் உப்புக் கூடிய மாதிரிதான் என்கிறது குறள் (1302). கல்யாணமாகி 20 வருஷம் ஆன எனக்கு இதற்கு உரை தேவையில்லை! அதே உப்பு வேறு இடத்தில் மதிப்பையும் அளக்கிறது: ‘உப்புப் பெறாத விஷயம்’. ஆனால் உவர்ப்பு என்றால் பழந்தமிழில் வெறுப்பும் கூட. ஒரே சுவை, அளவு மாறினால் உணர்ச்சியே மாறிவிடுகிறது.

கசப்பான அனுபவம், புளித்துப்போன பேச்சு, காரசாரமான விவாதம் எல்லாம் சரி. துவர்ப்பை மட்டும் ஏன் யாரும் எந்த உணர்ச்சிக்கும் எடுத்துக்கொள்ளவில்லை? வாழைப்பூவைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் என் மகனிடம் கேட்டால் ஒரு பெயர் சொல்லுவான்.