சச்சினின் ரன்கள் குறையாது, ஆனந்தின் புள்ளிகள் குறையும்

"100 சர்வதேச சதம் பெரிதா, 5 உலகப் பட்டம் பெரிதா?" சச்சினையும் ஆனந்தையும் ஒப்பிடும் பதிவுகள் எல்லாம் இங்கேதான் தொடங்கி, இங்கேயே சண்டையாகி நிற்கின்றன. கேள்வியே கோணல். கிரிக்கெட்டின் கணக்கு உண்டியல் மாதிரி, போட்டது போட்டதுதான். சதுரங்கம் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஆளைத் திரும்பத் தராசில் ஏற்றும்.

சதுரங்க வீரரின் பலத்தைப் புள்ளியில் சொல்லும் ரேட்டிங் கணக்கைப் பாருங்கள். 2800 புள்ளி உள்ளவர் 2700 உள்ளவரோடு உட்கார்ந்தால், சூத்திரம் அவரிடம் எதிர்பார்ப்பது ஆட்டத்துக்கு 0.64 (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை). வென்றால் 3.6 ஏறும். டிரா ஆனால் 1.4 இறங்கும். தோற்றால் 6.4 காலி. உலகின் முதல் ஐம்பது பேரில் ஒருவரிடம் தோற்காமல் எழுந்து வந்தாலும் கையிருப்பு கரைகிறது. இந்தக் கணக்கில்தான் ஆனந்த் 2011இல் 2817 வரை போனார். 1986இலிருந்து 2023 செப்டம்பரில் குகேஷ் தாண்டும்வரை இந்தியாவின் முதலிடத்தை 37 ஆண்டுகள் விடாமல் வைத்திருந்தார்.

சச்சினின் 51ஆவது, கடைசி டெஸ்ட் சதம் 2011 ஜனவரியில் கேப்டவுனில் அடித்த 146. அப்போது அவருடைய சராசரி 57க்குச் சற்றே கீழே. அதற்குப் பிறகு 23 டெஸ்ட், ஒரு சதமும் இல்லை. சராசரி 53.78க்கு இறங்கியது. ஆனால் மொத்த ரன் 15,921 வரை ஏறிக்கொண்டேதான் இருந்தது. மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சரிவு கண்ணிலேயே படாது. சச்சினைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த 15,921ஐ ஆனந்தின் பட்டங்களுக்கு எதிரே தட்டில் வைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், தன் ஆட்டத்தைத் தானே பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டிய தருணங்களை ஒப்பிடலாம்.

2003-04 ஆஸ்திரேலியத் தொடரில் முதல் மூன்று டெஸ்டில் சச்சின் எடுத்தது 0, 1, 37, 0, 44. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் துரத்தி விக்கெட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார். சிட்னியில் கவர் டிரைவையே பூட்டி வைத்துவிட்டார். வெளியே போட்டால் விட்டுவிடுவது, பொறுமையிழந்து காலுக்குப் போட்டால் லெக் பக்கம் தள்ளுவது. 436 பந்து, 241 நாட் அவுட். பல ஆண்டு பழகிய கையைக் கட்டிப்போட்டு அத்தனை நேரம் நிற்பது சாதாரண வேலை இல்லை.

2008இல் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் ஆனந்த் செய்தது இதைவிடத் துணிச்சலானது என்பேன். வாழ்நாள் முழுக்க ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை நகர்த்தி ஆரம்பித்தவர், ரஷ்யாவின் கிராம்னிக்குக்கு எதிராக ராணிச் சிப்பாய்க்கு மாறினார். அது கிராம்னிக்கின் சொந்த ஊர் மாதிரி. கறுப்புக் காய்களிலோ செமி ஸ்லாவ் என்ற தொடக்க ஆட்டத்தில் மெரான் என்ற கிளை வழி. அதில் எதிராளி தயாராக இல்லாத புது நகர்வு ஒன்றை வைத்து 3ஆவது ஆட்டத்தை வென்று, அதே வழியில் 5ஆவதையும் வென்றார். 6ஆவது ஆட்டம் முடிந்தபோது 4.5 - 1.5. மீதி வெறும் சம்பிரதாயம். இந்த மாதிரி மாற்றத்துக்கு உதவிக் குழுவோடு பல மாதத் தயாரிப்பு வேண்டும். எதிராளி அந்தப் பக்கம் வராமலே போனால் அத்தனையும் வீண்.

அணி ஆட்டத்தின் கொடுமை சச்சினுக்கு. 1999 சென்னை டெஸ்டில், முதுகு வலியோடு 136 அடித்து அவர் அவுட்டானபோது தேவை 17 ரன், கையில் 3 விக்கெட். 4 ரன்னில் எல்லாம் முடிந்தது. உலகக் கோப்பைக்கு ஆறாவது முறைவரை காத்திருந்தார். ஆனந்துக்கு அந்தக் கொடுமை இல்லை, ஆனால் சாய்ந்துகொள்ள மறுமுனையில் ஒரு டிராவிடும் இல்லை.

சுமையின் நீளத்தில் சச்சின்: 16 வயதிலிருந்து 40 வரை, 200 டெஸ்ட், 463 ஒருநாள். 37 வயதுக்கு மேல் தாக்குப்பிடித்ததில் என் ஓட்டு ஆனந்துக்கு. சச்சினும் அந்த வயதில் சளைத்தவர் இல்லை, 2010இல் மட்டும் 1,562 டெஸ்ட் ரன், 7 சதம். ஆனால் ஆனந்த் மறுக்க முடியாத உலகச் சாம்பியன் ஆனதே 37 வயதில்தான்.

2013 நவம்பர் 16. மும்பையில் சச்சின் கண்ணீரோடு விடைபெற்றார். அதே நாள் சென்னையில் உலகப் பட்டப் போட்டியில் கார்ல்சனிடம் ஆனந்த் தொடர்ந்து இரண்டாவது ஆட்டத்தைத் தோற்றார். முந்தின நாளைப் போலவே அதுவும் ராஜா, யானை, சிப்பாய்கள் மட்டும் மிஞ்சும் யானை முடிவாட்டம்தான். ஆறு நாளில் பட்டமும் போனது. ஓய்வு பெறச் சொல்லிப் பலரும் எழுதினார்கள். அடுத்த மார்ச்சில் கான்டி மான்சிஸ்க்கில் உலகச் சாம்பியனுக்குச் சவால் விடப்போவது யார் என்று தீர்மானிக்க எட்டுப் பேர் ஆடிய கேண்டிடேட்ஸ் போட்டியில், இருப்பவர்களில் மூத்தவராக உட்கார்ந்து, 14 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்காமல் முதலிடம் பிடித்தார்.