மணி செத்த அன்று

போன மாதம் எங்கள் தெரு நாய் மணி செத்துப்போனது. வயசாகிவிட்டது. வண்டி எதுவும் ஏறவில்லை, ட்ரான்ஸ்ஃபார்மர் நிழலில் படுத்தது அப்படியே போய்விட்டது. காலை ஆறரைக்குக் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் முதல் செய்தி. எட்டு மணிக்குள் அறுபது எழுபது செய்திகள். அழுகிற பொம்மை, கூப்பிய கைகள், மணி குட்டியாக இருந்தபோது எடுத்த படங்கள். நானும் ஒன்று போட்டேன். சும்மா போடவில்லை, எனக்கும் தொண்டை அடைத்தது.

ஒன்பதரைக்கு மணியை எடுத்துப்போகத் தூய்மைப் பணியாளர் அக்கா வந்தார். கையில் பழைய அரிசிச் சாக்கு. கையுறை கிடையாது. சாக்கின் வாயை ஒரு காலால் மிதித்து அகட்டிக்கொண்டு, பின்னங்கால்களைப் பிடித்து உள்ளே இழுத்தார். உடம்பு விறைத்திருந்ததால் முன்கால்கள் மடங்கவில்லை. இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, முட்டியால் அழுத்தி மடக்கினார். தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு எங்கள் கேட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டார். கீழ்வீட்டிலிருந்து ஒரு காலி கூல்ட்ரிங்ஸ் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தார்கள். "பாட்டில வச்சுக்கம்மா, திருப்பித் தர வேணாம்."

அது தாராள மனசு இல்லை. என்ன என்று இங்கே பிறந்து வளர்ந்த யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்ற நானும் கீழே இறங்கிப்போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று ராத்திரி குழுவில் மணியின் படத்தை ஃப்ரேம் போட்டுக் கேட்டில் மாட்டலாமா என்று பேச்சு. அக்காவின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷமாக எங்கள் தெருவைக் கூட்டுகிறார்.

எனக்கு இரண்டு வகை நண்பர்கள் இருக்கிறார்கள். ஒரு கூட்டம் இறைச்சிக்கூடத்தில் ஒளித்துவைத்து எடுத்த வீடியோக்களை அனுப்பும். இன்னொரு கூட்டம் "முதல்ல மனுஷனப் பாருங்கப்பா, அப்புறம் நாயப் பாக்கலாம்" என்று சொல்லும். 2025 ஆகஸ்ட்டில் டெல்லி தெருநாய்களைப் பிடித்து அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டு, பத்துப் பன்னிரண்டு நாளில் அதை மாற்றியதே, அப்போது இந்த இரண்டு கூட்டமும் என் பக்கத்திலேயே கட்டிப்புரண்டன. விடியற்காலை நான்கரைக்குத் தெருவில் இறங்கி நாயிடம் கடிபடுகிற ஆளும், செத்த நாயை அள்ளுகிற ஆளும் ஒருவரேதான் என்று அந்தச் சண்டையில் ஒருத்தரும் சொல்லவில்லை. ஒரு மிருகம் வதைபடுகிற இடத்தில் பக்கத்திலேயே ஒரு கூலியாளும் நிற்கிறார். ஒருவரைக் காட்ட இன்னொருவரை வெட்டிவிடும் படங்கள் எனக்கு அலுத்துவிட்டன.

அதனால்தான் 'ஆல் தட் ப்ரீத்ஸ்' படத்தைப் பார்க்கச் சொல்லி எல்லோரையும் நச்சரிக்கிறேன். ஷௌனக் சென் இயக்கி 2022-இல் வந்த ஆவணப்படம். சண்டான்ஸ், கான் திரைப்பட விழாக்கள் இரண்டிலும் ஒரே வருஷத்தில் விருது வாங்கியது. டெல்லி வஜீராபாத்தில் நதீம், சவுத் என்று இரண்டு சகோதரர்கள். சோப்புத் திரவம் ஊற்றிவைக்கும் டப்பா செய்வது குடும்பத் தொழில். அந்தப் பட்டறையை ஒட்டிய இடத்திலேயே அடிபட்ட கரும்பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். பட்டம் விடுகிற மாஞ்சா நூல் இறக்கையை அறுத்துவிடும். அட்டைப்பெட்டியில் வைத்து யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். இவர்கள் கால்நடை மருத்துவம் படித்தவர்கள் இல்லை. சின்ன வயசில் பாடி பில்டிங் பைத்தியம். தசை எது, தசைநார் எது என்று தெரிந்தது அந்த வழியில்தான். மின்சாரம் போகும், கறி அரைக்கும் மெஷின் மக்கர் பண்ணும், வெளிநாட்டு நன்கொடை பெறும் உரிமத்துக்குப் போட்ட விண்ணப்பம் திரும்பி வரும். உதவியாளர் சாலிக் ஆட்டோவில் போகும்போது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு அணில் தலையை நீட்டும். அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்தித் திரும்பப் பார்த்தேன்.

எனக்கு மண்டையில் அடித்தது வேறு ஒரு விஷயம். இவர்கள் பையன்களாக இருந்தபோது அடிபட்ட பருந்து ஒன்றைப் பறவை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே எடுத்துக்கொள்ளவில்லை. காரணம், பருந்து மாமிசம் தின்கிற பறவை. புறாவுக்கும் கிளிக்கும் கட்டில் உண்டு, பருந்துக்குக் கிடையாது. கருணைக்கும் ஒரு 'சைவம் மட்டும்' போர்டு! சென்னையில் வாடகைக்கு வீடு தேடிய யாருக்கும் இந்த போர்டு புதுசில்லை.

இங்கே வள்ளலாரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புலால் உண்பவர்களைப் புற இனத்தார் என்று தள்ளிவைத்தவர்தான் அவர். அந்த விஷயத்தில் எனக்கு அவரோடு ஒத்துப்போகாது. ஆனால் அந்தப் புற இனத்தாருக்கும் பசி தீர்க்கத்தான் வேண்டும் என்று அதே இடத்தில் சேர்த்துச் சொன்னார். 1867-இல் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. வந்து உட்கார்ந்தவரிடம் நீ என்ன சாப்பிடுகிறவன் என்று கேட்டுவிட்டுச் சோறு போடுவதில்லை. அந்த மருத்துவமனை பருந்துக்கு இந்த அளவுகூடக் காட்டவில்லை.

படம் எடுத்த காலம் குடியுரிமைச் சட்டத் திருத்தப் போராட்டமும் 2020 பிப்ரவரிக் கலவரமும் நடந்த காலம். கேமரா கலவரத்தைத் துரத்திக்கொண்டு ஓடாது. ஜன்னலுக்கு வெளியே கோஷம் கேட்கும், உள்ளே ஒருவர் பறவைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பார். நகரத்துக் குப்பையைத் தின்று தீர்க்கும் பறவையை நகரம் அருவருக்கிறது. அதைக் காப்பாற்றுகிறவர்களையும் அதே நகரம் சந்தேகமாகப் பார்க்கிறது. இதைப் படம் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. பார்க்கிற நமக்கு உறைக்கிறது.

அமெரிக்காவின் 'ப்ளாக்ஃபிஷ்' (2013) வேறு மாதிரி, கொஞ்சம் சத்தமான படம். 1983-இல் ஐஸ்லாந்துக் கடலில் குட்டியாகப் பிடிபட்ட திலிக்கம் என்ற ஓர்க்கா திமிங்கிலத்தின் கதை. மூன்று பேரின் சாவில் அதற்குத் தொடர்பு. மூன்றாவது, 2010 பிப்ரவரியில் ஆர்லாண்டோவின் சீவேர்ல்டு கடல்விலங்குப் பூங்காவில் பயிற்சியாளர் டான் பிராஞ்சோ. படத்துக்கு உயிர் கொடுப்பது அங்கே வேலை பார்த்துவிட்டு வெளியேறிய பயிற்சியாளர்களின் வாக்குமூலம். குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனதைச் சொல்லும்போது அவர்களுக்கே முகம் மாறுகிறது.

பலர் கவனிக்காத ஒன்று: ஓர்க்காவோடு பயிற்சியாளர் ஒட்டி நின்று காட்சி நடத்துவதை நிறுத்தவைத்தது விலங்கு நலச் சட்டம் இல்லை, தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் மட்டும் மாறுபட்டார். கார் பந்தயத்திலும் விளையாட்டிலும் ஆபத்து தெரிந்துதானே இறங்குகிறார்கள், இதில் அரசுக்கு என்ன வேலை என்கிற ரீதியில் போனது அவர் வாதம். பெயர் பிரெட் கவனா. இப்போது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறார். சீவேர்ல்டு ஓர்க்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக 2016-இல் அறிவித்தது. திலிக்கம் 2017 ஜனவரியில் தொட்டியிலேயே செத்தது.

'தெரிந்துதானே இறங்குகிறார்கள்' என்பதை நாம் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017-இல் வந்தது. கையால் மலம் அள்ள வைப்பதை 2013 சட்டம் குற்றம் என்கிறது. அந்த வேலை தமிழ்நாட்டில் பட்டப்பகலில் நடப்பதைக் கேமரா நேருக்கு நேர் காட்டியது. பல ஊர்களில் திரையிட போலீஸ் அனுமதி தரவில்லை. இயக்குநருக்கு மிரட்டல்கள் வந்தன, ஒரு பழைய வழக்கில் கைதும் செய்தார்கள். சாக்கடைக் குழியில் இறந்தால் கொடுக்க வேண்டிய இழப்பீடு பத்து லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறது, சரி. சாவு நின்றபாடில்லை. 'கக்கூஸ்' பார்க்கச் சுகமான படம் இல்லை. சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள் என்று சொல்ல வந்தேன். அதையும் அழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று யோசித்தேன், இருக்கட்டும்.

'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' ஆஸ்கர் வாங்கிய படம், பார்க்காதவர் குறைவு. முதுமலை தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் தாயில்லாக் குட்டி யானைகளை வளர்க்கும் கதை. எனக்குப் பிடிக்கும், ஆனால் குறையும் உண்டு. பெள்ளியின் முந்தைய கணவர் புலி அடித்து இறந்தவர். அப்படிப்பட்டவர் காட்டு மிருகத்தின் வாயில் பால் புட்டியை வைக்கிறார் என்பதிலேயே ஒரு முழுப் படம் இருக்கிறது. படம் அதைத் தொட்டுவிட்டு அழகான மஞ்சள் வெயிலுக்குப் போய்விடுகிறது. அதில் ஒரு குட்டியான ரகுவை வனத்துறை வேறொருவரிடம் ஒப்படைக்கும்போது அவர்கள் அழுகிறார்கள். அந்த முடிவில் அவர்களுக்கு ஏன் ஒரு குரல் இல்லை என்று படம் கேட்கவில்லை. ஆஸ்கருக்குப் பிறகு பணம் சம்பந்தமாகத் தம்பதிக்கும் படக்குழுவுக்கும் பிரச்சினை என்று செய்தி வந்தது, இரு தரப்பும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். எனக்கு அதில் தீர்ப்புச் சொல்ல உரிமையில்லை. பெள்ளிக்கு முகாமில் காவடி (யானைப் பாகனுக்கு உதவியாள்) வேலைக்கான ஆணை கிடைத்தது 2023-இல், விருதுக்கு அப்புறம்.

"அப்ப நீ கறி சாப்பிடுறியா இல்லியா?" என்று கமெண்ட்டில் கேட்பீர்கள். முன்பைவிடக் குறைத்திருக்கிறேன், விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடையில் உரிக்கிற பையனின் விரல் நுனிகள் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருக்கும். வரிசையில் நிற்கும்போது இப்போதெல்லாம் கூண்டையும் பார்க்கிறேன், அந்த விரல்களையும் பார்க்கிறேன். ஆனால் மாட்டுக்கறி தின்பவனை அடிப்பதற்கு ஜீவகாருண்யம் என்று பெயர் வைத்துக்கொண்டு யாராவது வந்தால், அவரோடு எனக்கு எந்தப் பேச்சும் இல்லை.

அக்காவின் பெயர் செல்வி. ஒரு வாரம் கழித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "எதுக்கு சார், கம்ப்ளெய்ண்ட்டா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

வரும் ஞாயிறு எங்கள் மொட்டைமாடியில் 'ஆல் தட் ப்ரீத்ஸ்' போடலாம் என்று குழுவில் எழுதினேன். செயலாளர் தனியாக மெசேஜ் அனுப்பினார்: "படத்துல நான்வெஜ் சீன் எதுவும் இருக்கா சார்? ஃபேமிலி எல்லாம் வருவாங்க."

இருக்கு சார், பருந்து சாப்பிடும் என்று பதில் போட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்து இரண்டு நாள் ஆகிறது.