முகவரியைப் பார்த்தால் மட்டும் போதுமா?
அரசுத் தளங்களைப் போலவே வேடமிடும் போலி இணையதளங்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். இணைய முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ (gov.in) என்று முடிகிறதா எனப் பார்த்தாலே போலித் தளத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார் கட்டுரையாளர். பாஸ்போர்ட்டுக்கு அது சரி. பான் அட்டைக்கு? வருமான வரித்துறைக்காகப் பான் விண்ணப்பங்களை வாங்கும் புரோட்டீன், யுடிஐஐடிஎஸ்எல் என்ற இரண்டு நிறுவனங்களின் தளங்களுமே அப்படி முடிவதில்லை. ரயில் டிக்கெட் எடுக்கும் ஐஆர்சிடிசியும் ‘சிஓ டாட் இன்’தான். அசலே ஆளுக்கொரு வாசலில் நிற்கும்போது போலியை மட்டும் வாசலை வைத்து எப்படி அடையாளம் காண்பது? அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் ‘படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள்’ என்கிறார். என் மைத்துனர் கணக்கு ஆசிரியர். போன வருடம் கைப்பேசியில் பாஸ்போர்ட் என்று தேடி, முதலில் வந்த விளம்பரத்தைத் தொட்டார். சிங்கமுகத் தூண், மூவண்ணப் பட்டை எல்லாம் கச்சிதமாக இருந்தன. 1,500 ரூபாய்க் கட்டணத்துக்கு 2,900 ரூபாய் கட்டிவிட்டார். பக்கத்தின் அடியில் கடுகைவிடச் சிறிய சாம்பல் எழுத்தில் ‘இது தனியார் ஆலோசனைச் சேவை’ என்று ஒரு வரி. நான் பெரிதாக்கிக் காட்டிய பிறகுதான் அவர் கண்ணில் பட்டது. வேடிக்கை என்னவென்றால், பாஸ்போர்ட் வந்துவிட்டது! வாங்கிய விவரங்களை அப்படியே அரசுத் தளத்தில் நிரப்பி, நேர்காணலுக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கைக்குப் பாஸ்போர்ட் வந்ததால் புகார் கொடுக்கவும் அவருக்கு மனமில்லை. ஆதார் நகலும் பிறப்புச் சான்றும் மட்டும் இன்னும் அந்த முகம் தெரியாதவர்களிடம்தான் இருக்கின்றன.