ஆமாம், எனக்கு 90125 பிடிக்கும்

சனிக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கும் இதற்குள் செய்தி போயிருக்கும். ஒவ்வொருவராக ரெக்கார்டு போட்டுக் கேட்கும் கூட்டம் அது. என் முறை வந்தபோது ஆங்கிலேய ராக் இசைக்குழுவான யெஸ்ஸின் 90125 ஆல்பத்தைப் போட்டேன். முதல் பாட்டு 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' கிட்டார் ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நண்பர் ஒருவர் எழுந்து வந்து ஊசியைத் தூக்கிவிட்டார். "இது யெஸ் இல்லைங்க, காசுக்குப் போட்ட ஆல்பம்." எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அதே குழுவின் பழைய ஆல்பம் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' சுழல ஆரம்பித்தது.

அதுவும் எனக்கு உயிர்தான். பிரச்சினை அது இல்லை. நன்றாக விற்றது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஆல்பம் கெட்டதாகிவிடுமா? இதை மட்டும்தான் கேட்கிறேன்.

விற்பனைதான் குற்றம் என்றால் கணக்கையே பார்ப்போம். 1972ல் வந்த க்ளோஸ் டு தி எட்ஜ் அமெரிக்கப் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது. அதற்கு முந்தைய ஃப்ராஜைல் 4ஆம் இடம். காசுக்குப் போட்டதாகச் சொல்லப்படும் 90125? 5ஆம் இடம்! ஃப்ராஜைலில் இருந்த எட்டரை நிமிட 'ரவுண்டபவுட்' பாட்டை வானொலிக்காகப் பாதிக்கும் கீழே வெட்டித்தான் சிங்கிளாக (தனிப் பாட்டு ரெக்கார்டாக) விட்டார்கள். அது மட்டும் கலை. 1984 ஜனவரியில் 'ஓனர்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது துரோகம். நல்ல நியாயம்.

"ஆட்களே வேறய்யா" என்பார்கள். 1968ல் குழுவைத் தொடங்கிய ஐந்து பேரில் ஜான் ஆண்டர்சன், கிறிஸ் ஸ்கொயர், டோனி கே மூவரும் 90125ல் இருக்கிறார்கள். க்ளோஸ் டு தி எட்ஜில் எத்தனை பேர்? ஆண்டர்சன், ஸ்கொயர், ப்ரூஃபோர்ட். அங்கும் மூவர்தான். சரி, 90125ல் கீபோர்டின் பெரும்பகுதியை கிட்டார் கலைஞர் ட்ரெவர் ராபின்தான் வாசித்தார், ஒப்புக்கொள்கிறேன். அதனால் கணக்கு மாறிவிடாது.

"ராபினே யெஸ் என்ற பெயர் வேண்டாம் என்றாரே?" என்றார் ஊசியைத் தூக்கிய நண்பர். அதனால் என்ன? 1981ல் குழு கலைந்தே போய்விட்டது. ஸ்கொயரும் டிரம்மர் ஆலன் வொயிட்டும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இந்த ராபினைச் சேர்த்துக்கொண்டு சினிமா என்ற பெயரில் புதிதாக ஆரம்பித்தார்கள். ஆண்டர்சன் கடைசியில்தான் வந்து பாடினார், அவர் குரல் வந்ததும் பழைய பெயரும் வந்தது. சினிமா என்ற பெயரிலேயே வெளியாகியிருந்தால் மட்டும் நீங்கள் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பீர்களா?

பொறுமையாக இன்னும் இரண்டு பாட்டு கேட்டிருந்தால் 'இட் கேன் ஹாப்பன்' தொடக்கத்தில் சிதார் வந்திருக்கும். அதற்கு அடுத்தது 'சேஞ்சஸ்'. அதன் முன்னிசைக்குத் தாளம் போட்டுக் காட்டுங்கள், ஊசியைத் தூக்கும் உரிமையை நானே எழுதித் தருகிறேன். மறுபக்கத்தில் 'லீவ் இட்' பாட்டில் குரல்களை அடுக்கடுக்காக வைத்துக் கட்டியிருப்பார்கள். அந்தப் பழைய பெயரையே தலைப்பாகக் கொண்ட இரண்டே நிமிட 'சினிமா' 1985ல் கிராமி வாங்கியது. வார்த்தையே இல்லாத வாத்திய இசை அது. இதைப் போய் காசுக்குப் போட்டதாம்! தயாரிப்பாளர் ட்ரெவர் ஹார்ன் பழைய யெஸ் பதினெட்டு நிமிடத்தில் சொன்னதை நான்கு நிமிடத்தில் சொல்ல வைத்தார். சுருக்கிச் சொல்வது என்ன சுலபமான வேலையா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். பெரியப்பா மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த ஒரு கேசட்டில்தான் 'ஓனர்' முதலில் கேட்டேன். லேபிள் இல்லாத, கண்டதையும் கலந்து பதிந்த கேசட். யார் பாடியது என்று அண்ணனுக்கே தெரியாது. அதைத் தேடித் தேடித்தான் க்ளோஸ் டு தி எட்ஜ் வரை வந்தேன். அதை முதன்முதலில் வீட்டில் போட்டபோது அம்மா அடுக்களையிலிருந்து, "டேப் சிக்கிக்கிச்சாடா?" என்று கேட்டார். அந்த ஹிட் பாட்டு இல்லையென்றால் எங்கள் வீட்டுக்குள் யெஸ் நுழைந்திருக்கவே முடியாது. லண்டனிலிருந்து முதல் பதிப்பு வினைல் தருவித்துக் கேட்கும் வசதி எல்லோருக்கும் இல்லை ஐயா. எங்களுக்கு ஹிட்தான் வாசல். வாசல் வழியாக வந்தவனைத் திருடன் மாதிரி பார்க்காதீர்கள்.

இதைச் சொன்னால் "மட்டமான ரசனையை நியாயப்படுத்துகிறாய்" என்று வரும். வரட்டும். உங்கள் கடவுள், பழைய யெஸ்ஸின் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹோவ், 90125ல் இல்லவே இல்லை, தெரியும்தானே? அவர் அப்போது ஏசியா குழுவில் இருந்தார், அவர்களுடைய முதல் ஆல்பமும் 1982ல் அமெரிக்காவில் முதலிடம் (அதைப் பற்றி மூச்சு விட மாட்டீர்கள்). 2017ல் ராக் இசையின் கௌரவப் பட்டியலான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் யெஸ் குழுவைச் சேர்த்தபோது மேடையில் 'ஓனர்' பாடினார்கள். குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்கொயர் இறந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. அந்தப் பாட்டுக்கு பேஸ் வாசித்தவர் இதே ஹோவ். அவருக்கு இல்லாத தீட்டு உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

"சும்மா ஜாலிக்குத்தானே பண்ணினோம்" என்று கமெண்டில் எழுதப்போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்த அறையில் சிரிக்காத ஆள் நான் ஒருவன்தான். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.